பேரு மட்டும் வேலைக்குப் போகுது

காலைல ஒம்போதரைக்கே அந்தக் காலேஜ் மாடி வராண்டால உக்கார எடம் இல்ல. சுவர ஒட்டிப் போட்டிருந்த பெஞ்ச் பூரா அப்பா அம்மாங்க, பிள்ளைங்கதான் நின்னுட்டு இருந்தாங்க. எல்லார் கைலயும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலு, எல்லார் வாயிலயும் ஒரே முணுமுணுப்பு. ஃபார்மசி படிப்புக்கு நேர்காணல். உள்ள போனா ஒரே கேள்விதான் கேக்குறாங்கன்னு வெளிய வந்தவங்க சொல்லிட்டாங்க. ஏன் ஃபார்மசி எடுக்குற?

"டாக்டர் சீட்டு கெடைக்கலன்னு மட்டும் உளறித் தொலைச்சிடாத"ன்னு ஒரு அப்பா பையன் காதுல சொன்னாரு.

"அப்புறம் என்னப்பா சொல்றது?"

"சேவைன்னு சொல்லு."

"யாருக்கு?"

"யாருக்கோ! அதையெல்லாமா கேக்கப் போறாங்க?"

பக்கத்துல ஒரு அம்மா மக முடிய ஒதுக்கி விட்டுக்கிட்டே, "ரத்தம் பாக்க வேண்டாம், யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க, கல்யாணத்துக்குக் கேக்குறப்பவும் கௌரவமா இருக்கும். அதான எடுத்த?"ன்னாங்க.

"அம்மா, நான் எடுக்கல. நீ எடுத்த"ன்னு அந்தப் பொண்ணு பல்லக் கடிச்சுக்கிட்டு சொல்லுச்சு.

கதவுகிட்ட ஸ்டூல் போட்டு உக்காந்து பேரு கூப்பிடுற அட்டெண்டர் இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தாரு. "காலைலேருந்து பதினெட்டு சேவை உள்ள போயிருக்கு சார். ஊரே நல்லாயிடும் போல"ன்னாரு. யாரும் சிரிக்கல. அவரே சிரிச்சுக்கிட்டாரு.

அந்த வரிசைல இருபத்தி ரெண்டாவது ஆளு சின்னவ. பதினெட்டு வயசு. பக்கத்துல அவ சித்தப்பா, மருந்துக் கடைக்காரர். அண்ணனும் அண்ணியும் போய்ச் சேந்ததுக்கப்புறம் அண்ணன் பொண்ணுங்க ரெண்டு பேரையும் தன் வீட்லயே வச்சு வளத்தவரு. கெட்டவரு இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன். கெட்டவரா இருந்திருந்தா இந்தக் கதைல இவ்ளோ கோவப்பட ஒண்ணும் இல்ல.

"மறுபடி சொல்லு, பாப்போம்."

"மக்களுக்குச் சேவை செய்யணும்னு சின்ன வயசுலேருந்து ஆசை."

"கொஞ்சம் சிரிச்ச மொகமா சொல்லு கண்ணு. கடன்காரன் மாதிரி சொல்ற. இந்த ஒரு நாள் நடிச்சுட்டா போதும். அப்புறம் நாலு வருஷம் கண்ண மூடிட்டு ஓட்டு. பாஸ் பண்ணிப் பதிவு பண்ணிட்டா சர்டிபிகேட்ட நான் ஃபிரேம் போட்டுக்குறேன். நீ வீட்ல இரு, கல்யாணம் பண்ணிக்கோ, எங்க வேணா போ. வேலைக்குப் போகாமலே வேலை பாக்குற ஒரே படிப்பு இதுதான்மா."

இது அவர் வழக்கமா சொல்ற ஜோக். இந்த ஜோக்க நம்மள்ல பாதிப் பேரு கேட்டிருப்போம், சிரிச்சும் இருப்போம்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மருந்துக் கடை நடத்தணும்னா, அதுக்குன்னே படிச்சுப் பதிவு பண்ணின ஒருத்தர் கடை தெறந்திருக்கற நேரமெல்லாம் உள்ள நிக்கணும். அதுதான் சட்டம். நடக்குறது வேற. சர்டிபிகேட்டு சுவத்துல தொங்கும். ஆளு வேற ஊர்ல வேற வேலை பாத்துக்கிட்டு இருப்பாங்க, இல்லன்னா வீட்ல துணி மடிச்சுக்கிட்டு இருப்பாங்க. பேரு மட்டும் தெனமும் வேலைக்குப் போகும். சித்தப்பா கடைல அப்படித் தொங்குறது சின்னவளோட அக்கா பேரு. இப்ப அவர் பஸ் ஸ்டாண்டுகிட்ட ரெண்டாவது கடை போடப் போறாரு. ரெண்டாவது கடைக்கு ரெண்டாவது பேரு வேணும். அதுக்காகத்தான் சின்னவ அந்த வராண்டால நின்னுக்கிட்டு இருந்தா.

அப்பதான் பெரியவ படியேறி வந்தா. பார்சல் கம்பெனில ஃபோன் எடுக்குற வேலை அவளுக்கு, உங்க பார்சல் எங்க வந்துட்டு இருக்குன்னு நாள் பூரா சொல்லணும். அரை நாள் லீவு போட்டுட்டு நேரா வந்திருந்தா. மொகம் கழுவக்கூட இல்ல.

"சின்னவளே, வா போலாம்."

"எங்க?"

"வேற எங்கயாவது. கணக்கு படி, சமையல் படி, எதையாவது படி. இது வேண்டாம்."

"என்னம்மா இது, பேரு கூப்பிடுற நேரத்துல?"ன்னு சித்தப்பா எழுந்துட்டாரு.

பெரியவ அவரப் பாக்கல. தங்கச்சி கையப் புடிச்சு வராண்டா கோடிக்கு, தண்ணிக் குழாய் பக்கம் இழுத்துக்கிட்டுப் போனா. ஏன் இழுத்தான்னா, மூணு வாரத்துக்கு முன்னால நடந்தது அப்படி.

அவங்க தெருவுல ஒரு தையல்காரக்கா. ரெண்டு மெஷின் போட்டு முன் ரூம்லயே தைக்கிறவங்க. வெரல் முட்டியெல்லாம் வீங்கி, கத்திரியப் புடிக்க முடியாமப் போச்சு. பெரிய டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. அது வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் போடணும், அதுவும் ஒரே கிழமைல. தெனமும் போட்டா ஒடம்புல புதுசா வளர்ற எல்லாத்தையும் அடிச்சிரும். வாய் பூரா புண்ணாகும், ரத்தத்துல நோயை எதுக்குற அணு எறங்கிடும், உயிரே போகும். ஃபார்மசி படிச்ச யாரக் கேட்டாலும் இந்த மாத்திரை பேரக் கேட்டதும் நிமுந்து உக்காருவாங்க. அவ்ளோ கவனமா சொல்லிக் குடுத்திருப்பாங்க.

சித்தப்பா கடைல நின்னவன் பேரு கம்ப்யூட்டர். நெசப் பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல. எந்த மாத்திரை எந்தத் தட்டுல இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவான், அதனால அந்தப் பேரு. பத்தாவதோட நின்னவன். கெட்டிக்காரன். மருந்துச் சீட்டப் பாத்தான், சரியான மாத்திரையத்தான் எடுத்தான். எல்லாக் கடையிலயும் குடுக்குற அந்தச் சின்னக் காகிதக் கவர் இருக்குல்ல, காலை, மதியம், இரவுன்னு மூணு கட்டம் போட்டது? அதுல போட்டான். வாரம்னு அதுல கட்டம் கெடையாது. கூட்டம் வேற. காலைங்கற கட்டத்துல ஒரு டிக் அடிச்சான். பில்லுல பெரியவ கையெழுத்து ரப்பர் ஸ்டாம்ப எடுத்து டக்குன்னு ஒரு குத்து குத்தினான். முடிஞ்சுது.

தையல்காரக்கா ஒம்போது நாள் காலைல ஒழுங்கா போட்டாங்க. ஒரு நாள்கூட மறக்கல.

பத்தாவது நாள் ப்ளவுஸ் வாங்கப் போன சின்னவதான் பாத்தா. அந்தக்காவால வாயத் தெறந்து பேச முடியல. ஒதட்டுல ரத்தம், ஒடம்பு கொதிக்குது. ஆட்டோல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனா. ஆஸ்பத்திரி டாக்டர் கவரப் பாத்துட்டு, பில்ல நீட்டிக் கேட்டாரு. "யாரும்மா இந்த ஃபார்மசிஸ்ட்? மூளைய வீட்ல வச்சுட்டு வந்தாங்களா?" பில்லுல இருந்தது அக்கா பேரு. அது எங்கக்கான்னு சொல்லச் சின்னவ வாயத் தெறக்கல. வீட்டுக்கு வந்த பில்லப் பாத்துப் பெரியவ தெரிஞ்சுக்கிட்டா, அவகிட்டயும் அந்த மூணு வாரம் சின்னவ இதப் பத்தி வாயத் தெறக்கல.

இப்ப குழாய் பக்கத்துல தெறந்தா.

"அக்கா, நீ எதுக்கு என்னத் தடுக்குற?"

"நீயும் மாட்டிக்காதன்னு சொல்றேன்டீ! படிச்சு முடிச்சா உன்னையும் ஆணி அடிச்சு மாட்டிருவாரு. நாளைக்கு உன் பேர்ல எவனோ எதையோ குடுப்பான். நீ எங்கயோ உக்காந்து சாப்ட்டுட்டு இருப்ப. அன்னைக்கு நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? ஒருத்தரோட குடை பார்சல் ஏன் லேட்டுன்னு பதில் சொல்லிட்டு இருந்தேன்."

"சரி. அதுக்குப் படிப்பு என்ன பண்ணுச்சு?"

"என்னது?"

"அந்த மாத்திரைய நீ படிச்சிருக்கல்ல? வாரத்துக்கு ஒண்ணுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்ச நீ அங்க இல்ல. தெரியாதவன் அங்க இருந்தான். தப்பு படிப்புல இல்லக்கா. நீ போகல, அவ்ளோதான். உன்னால முடியலன்னா எனக்கு ஏன் வேண்டாங்குற?"

பெரியவ கை ஓங்கிட்டா. அடிக்கல. ஓங்கின கைய எறக்கத் தெரியாம குழாயத் தெறந்து மூஞ்சில தண்ணிய அடிச்சுக்கிட்டா.

"நெசமாவே படிக்க ஆசையாடீ உனக்கு?"

"ஆஸ்பத்திரில தெனம் அந்த டாக்டர்ட்ட கேட்டேன். ஏன் வாரம் ஒண்ணு, ஏன் வாய்ல மொதல்ல புண்ணு வருது, மாத்து மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு. மொதல்ல திட்டுனாரு. அப்புறம் சொல்லிக் குடுத்தாரு. எனக்கு வேற எதுவும் படிக்கப் புடிக்கலக்கா. இதான் வேணும். ஆனா உள்ள போயி ஏன்னு கேட்டா எப்படிச் சொல்லுவேன்? சொன்னா நீ மாட்டுவ."

"இருபத்தி ரெண்டு!"ன்னு அட்டெண்டர் குரல் குடுத்தாரு.

உள்ள நீள மேசை. மூணு பேரு உக்காந்திருந்தாங்க. நடுவுல இருந்த மேடம்தான் துறைத் தலைவி. கார்டியன் கூட வரலாம்னதால சித்தப்பா போனாரு. பெரியவளும் பின்னாலயே நுழைஞ்சா. மேடம் கண்ணாடிய எறக்கிப் பாத்தாங்க.

"நீ எங்க ஸ்டூடண்ட்தான? ரெண்டாவது ரேங்க். எங்க வேலை பாக்குற?"

"பார்சல் கம்பெனில மேடம்."

மேடம் பார்வைய எறக்கிக்கிட்டாங்க. ஃபைலப் பிரிச்சாங்க. "ஏன் ஃபார்மசி எடுக்குற?"

"மக்களுக்குச் சேவை செய்யணும்னு சின்ன வயசுலேருந்து..." சின்னவ நிறுத்திட்டா. திரும்பி அக்காவப் பாத்தா. மறுபடி ஆரம்பிச்சா. "சின்ன வயசுலேருந்து..."

"இதையே இருபத்தோரு பேரு சொல்லியாச்சும்மா"ன்னு மேடம் அலுப்பா பேனாவ வச்சாங்க. "உனக்குன்னு காரணம் இல்லன்னா அடுத்தவங்களுக்கு வழி விடு."

சித்தப்பா முந்திக்கிட்டாரு. "பயப்படுறா மேடம். நல்ல பொண்ணு. மார்க்கப் பாருங்க..."

"அவ சொல்ல மாட்டா மேடம்"ன்னா பெரியவ. "காரணம் இருக்கு. சொன்னா நான் மாட்டுவேன்னு முழுங்குறா. அதனால நான் சொல்றேன்."

"ஏய், குடும்ப விஷயத்த எங்க வந்து..."

"குடும்ப விஷயமா சித்தப்பா? அந்தக்கா ஒம்போது நாள் வெஷம் மாதிரி முழுங்கினாங்களே, அது நம்ம குடும்ப விஷயமா?"

சொன்னா. கவரு, டிக்கு, ஸ்டாம்பு, எல்லாம். முடிச்சுட்டு, மேடத்தையும் விடல.

"நீங்க மட்டும் என்ன மேடம்? எங்க வகுப்புல நாப்பது பேரு. அதுல எத்தன பேரு கடைல நிக்குறோம், எத்தன பேரு சுவத்துல தொங்குறோம்னு உங்களுக்குத் தெரியாதா? நான் வேலை பாக்குற எடத்தச் சொன்னதும் பேசாம ஃபைலப் பிரிச்சீங்களே, தெரிஞ்சுதான?"

மேடம் மொகம் செவந்துச்சு. பக்கத்துல இருந்தவரு ஏதோ சொல்ல வந்தாரு, மேடம் கையக் காட்டி நிறுத்தினாங்க.

"தெரியும்"னாங்க. "தெரிஞ்சு சும்மா இருந்தேன்." அப்புறம் சின்னவ பக்கம் திரும்பினாங்க. "இப்ப அக்காவ ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. நீ சொல்லு. ஏன்?"

சின்னவ கண்ணத் தொடைச்சுக்கிட்டா. "அந்தக்காகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும் மேடம். இது வாரத்துக்கு ஒண்ணுதான், எந்தக் கிழமை போடப் போறீங்கன்னு. அந்தக் கேள்விய கம்ப்யூட்டரால கேக்க முடியாது, அவனுக்குக் கேக்கணும்னே தெரியாது. கேக்கத் தெரிஞ்ச ஆளா அந்த எடத்துல நிக்கணும். அதுக்குத்தான்."

நான் இப்ப இருக்குற ஊர்ல மருந்து வாங்கப் போன மொத நாளு, கவுண்டர்ல நின்ன பொண்ணு என்கிட்ட நாலு கேள்வி கேட்டுச்சு. இத எப்ப போடுவீங்க, வேற என்ன சாப்புடுறீங்கன்னு. காசு வாங்குனமா குடுத்தமான்னு இல்லாம இவளுக்கு எதுக்கு இதெல்லாம்னு எரிச்சல்தான் வந்துச்சு எனக்கு. கேள்வி கேக்காமக் குடுக்குறதுதான் நல்ல கடைன்னு வளந்திருக்கோம் பாருங்க. சரி, கதைக்கு வரேன்.

மேடம் பேனாவ எடுத்து எழுதினாங்க. "சீட்டு உனக்கு. கார்டியன் கையெழுத்து யாரு போடுறா?"

சித்தப்பா நகரல. "என்னால முடியாது. இவள நான் கடைக்காகத்தான் படிக்க வைக்கிறேன். கடைக்கு இல்லன்னா எனக்கெதுக்கு?"

வளத்த மனுஷன் வாயிலேருந்து அது வந்துருச்சு. வந்ததும் அவருக்கே உறுத்திருக்கும், தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ஆனா வார்த்தையத் திருப்பி எடுத்துக்கல. வெளிய போயிட்டாரு.

பெரியவ கையெழுத்துப் போட்டா. ரொம்ப நாளைக்கப்புறம் அவ கையெழுத்த அவ கைதான் போட்டுச்சு. மேடம் இன்னொரு வெள்ளைத் தாளையும் நீட்டினாங்க.

"நடந்தத ஃபார்மசி கவுன்சிலுக்கு எழுதிக் குடு. உன் பதிவு போகலாம். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"உன் வகுப்புல மத்தவங்களப் பத்தி நான் எழுதுறேன். நான் எழுத வேண்டியது அது."

எழுதிக் குடுத்துட்டு அங்கேருந்து நேரா கடைக்குத்தான் போனா பெரியவ. சித்தப்பா ஆட்டோல முன்னாடியே வந்து கல்லாவுல உக்காந்திருந்தாரு. ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறி சர்டிபிகேட்ட எறக்கினா. ஸ்டாம்பையும் எடுத்துக்கிட்டா.

"கடைய மூடச் சொல்றியா? உன்ன சோறு போட்டு வளத்த கடை இது."

"ஆமா சித்தப்பா, அந்த நன்றிக்குத்தான் இத்தன வருஷம் வாய மூடிட்டு இருந்தேன். உங்களுக்குப் பட்ட கடன அந்தக்கா ஒடம்புல இருந்து அடைக்க முடியாது. படிச்ச ஆளு ஒருத்தர வேலைக்கு வைங்க. அதுவரைக்கும் மூடுங்க."

கம்ப்யூட்டர் பேயறைஞ்ச மாதிரி நின்னான். "அக்கா, எனக்கு நெசமாத் தெரியாதுக்கா."

"உனக்குத் தெரிய வேண்டியதில்லடா. எனக்குத் தெரியும். அதான் பிரச்சினையே."

சாயங்காலம் பார்வை நேரத்துல அக்காளும் தங்கச்சியும் வார்டுக்குப் போனாங்க. தையல்காரக்கா பொழைச்சுட்டாங்க. வாய்ப்புண்ணு ஆறிட்டு வருது. முடி பாதி கொட்டிப் போச்சு. நடக்கணும்னா ஆள் புடிக்கணும். பெரியவளப் பாத்ததும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புதான் பெரியவளால தாங்க முடியல.

"வாம்மா. நீ அங்க இருக்குற தைரியத்துலதான் அந்தக் கடைக்கே போறது. அந்தப் பையன்தான் ஏதோ..."

"நான் அங்க இல்லக்கா."

"அன்னைக்கு லீவா?"

"என்னைக்குமே இல்லக்கா. பேரு மட்டும்தான் இருந்துச்சு. பில்லுல இருந்தது ஸ்டாம்பு. நான் அந்தக் கடைல ஒரு நாள்கூட நின்னதில்ல."

தையல்காரக்கா சிரிப்பு மெதுவா போயிருச்சு.

"மன்னிச்சிருங்கக்கா. எழுதிக் குடுத்துட்டேன். என்ன தண்டனை..."

"நிறுத்து. மன்னிச்சேன்னு என்ன சொல்ல வைக்காத, எனக்கு வரல. ஒரு சட்டைக்கு அளவு எடுக்கணும்னாகூட நான் நேர்ல வரச் சொல்லுவேன். பேர எழுதிக் குடுத்துட்டுப் போனா தைக்க மாட்டேன். நீ என் உயிரத் தொட்ட. ஆளே வரல."

சின்னவதான் சொன்னா. "அக்கா, எனக்கு ஃபார்மசி சீட்டு கெடைச்சிருக்கு."

தையல்காரக்கா அவள உத்துப் பாத்தாங்க. ஆட்டோல தூக்கிட்டு வந்தவளாச்சே.

"படி"ன்னாங்க. "ஆனா ஒண்ணு. இந்தப் படிப்ப எடுக்குறவங்க சுவத்துல தொங்குறதுக்கு எடுக்கக் கூடாது. வந்து நிக்கறதுக்கு எடுக்கணும். உன் பேர நம்பித்தான் எங்கள மாதிரி ஆளுங்க கண்ண மூடிக்கிட்டு முழுங்குறோம். நிக்க முடியாதவங்க இந்தப் பக்கமே வர வேண்டாம். போயி உன்கூடப் படிக்கிறவங்ககிட்டயும் சொல்லு."